மாற்றம் நிகழ்ந்த திகதி

நவம்பர் முப்பதுக்கு இன்னும் நாலு நாள்.
மழை விட்டபாடில்லை.
முகத்துவாரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று
கச்சேரியில் கூட்டமாம்.
குருக்கள்மடத்துத் துறையில்
பாதை வரும்வரை நிற்கிறேன்,
ஒரு வருடக் கணக்கு முழுவதையும்
உரப்பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து.

வேலாப்போடி எழுதிவைத்த உறுதி மூன்று பக்கம்.
புளியடிவட்டையில் பதினொரு ஏக்கர்,
அதன் குத்தகையில்
படுவான்கரைப் பிள்ளைகளுக்கு விடுதிச் செலவு,
பார்த்து நடத்த மூன்று பொறுப்பாளர்.
வரியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.
போடியார் பயந்த கணக்கர்
சித்திரபுத்திரனார் ஒருவர்தான்.

குத்தகைக்காரன் பேரின்பம் அவணத்தில்தான் பேசுவான்.
"பெரும்போகம் முப்பது அவணம் அக்கா.
சிறுபோகம் யானை பாதி, நாங்க பாதி."
விவரத்திரட்டில் யானைக்குக் கூடு இல்லை.
நெல்லை ரூபாயாக்கி,
நிலையான வைப்பின் வட்டியில்
வங்கி முன்கூட்டியே பிடித்த வரிக்கு
மூன்று தடவை நடந்து சான்றிதழ் வாங்கி,
விடுதிப் பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கி.
தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம்
பிறர் காசை எண்ணிய கை
இதற்கெல்லாம் சளைக்காது.

சளைப்பது இரண்டாம் பக்கத்தில்.

பொறுப்பாளர் விவரங்களில் மாற்றம் இருப்பின்
முப்பது நாட்களுக்குள் அறிவிக்கவும்.
மாற்றம் நிகழ்ந்த திகதி:
எட்டுக் கூடுகள்.

முதலாம் பொறுப்பாளர் நான்.
மூன்றாமவர் அருள்சோதி, சூரிச்சில்;
எதை அனுப்பினாலும் வாட்ஸப்பில்
கட்டைவிரல் ஒன்று வரும்.
இரண்டாமவர் நல்லரெத்தினம்.
தொண்ணூறாம் ஆண்டு குத்தகைப் பணத்தோடு
இதே துறைக்குச் சைக்கிளில் வந்தவர்.
சைக்கிள் கிடைத்தது.

வருடத்துக்கு நாலு கூடு, எழுதலாம்.
மாதமும் எழுதலாம் என்று வையுங்கள்.
நாள்?

வரிக் கந்தோர்ப் பொடியன் நல்லவன்.
"மரணச் சான்றிதழ், இல்லாட்டி விலகல் கடிதம்.
ரெண்டில ஒண்டு போதும் மிஸ்."
"ரெண்டும் இல்லாட்டி?"
"காணப்படாமைச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு."
சொல்லிவிட்டு
கணினிக்குள் எதையோ தேடினான்.

அம்பிளாந்துறையில் தங்கேஸ்வரி
நனைந்த குடையை வாங்கிச் சாத்திவிட்டு
நான் வாய் திறக்குமுன்னே சொன்னாள்:
"அந்தக் கடதாசி எடுத்தாக் காசு தாறாங்களாம்.
நான் எடுக்கல்ல. நீயும் கேக்காத."
பிறகு, தேநீர் ஊற்றிக்கொண்டே,
அவருடைய அடையாள அட்டை எண்ணை ஒப்புவித்தாள்,
ஒன்பது இலக்கமும் கடைசி எழுத்தும்,
நான் மறந்திருப்பேன் என்று.

பொய்ப் பிரகடனத்துக்குத் தண்டம் உண்டென்று
அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
வாசித்தேன்.
வாசித்துவிட்டுத்தான்
"மாற்றம் இல்லை" என்ற கூட்டில் சரி போட்டேன்.
இத்தனை வருடமாக
அந்த வீட்டில் மாற்றம் ஒன்றும் இல்லைதானே.

டிசம்பர். முகத்துவாரம் வெட்டியாயிற்று,
வாவி ஒரு முழம் இறங்கியிருந்தது.
ஏற்புச் சீட்டின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மூன்று பெயர், திணைக்களத்தின் முத்திரை.
அவள் இரண்டாவது பெயரை மட்டும் வாசித்தாள்.
அரசாங்கம் அவரை இருக்கிறார் என்று
வருடா வருடம் எழுதித் தருகிற கடதாசி;
போன வருடத்தது பிஸ்கட் டின்னில் மேலே கிடந்தது.

"எவ்வளவு கட்டினீங்க?"
"பதினோராயிரத்து இருநூறு."
"மூண்டு பேருமா?"
"பொறுப்பின்ர காசு தங்கேஸ், எங்கட காசில்ல."
அவள் கேட்கவில்லை.
அலுமாரிக்குள் கையை விட்டு
மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாயை
இரண்டு தரம் எண்ணி வைத்தாள்.
"அவர்ட பங்கு.
பதினேழு ரூவா மிச்சம் தா."

என்னிடம் சில்லறை இல்லை.
கரையில் பாதைக்காரன்
கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.